மூலிகைப் பொடிக்கு ஆய்வகச் சான்று: வியாபாரி தெரிந்துகொள்ள வேண்டியவை



சமீப காலமாக மூலிகைப் பொடி, சூரணம், மூலிகைத் தேநீர் ஆகியவற்றைக் கடைக்குக் கொண்டு வரும் விற்பனைப் பிரதிநிதிகள், விலைப் பட்டியலோடு இன்னொரு தாளையும் கையில் வைத்திருக்கிறார்கள். அது ஏதோ ஓர் ஆய்வகம் கொடுத்த அறிக்கையின் நகல். "பாக்டீரியாவை எதிர்க்கும் ஆற்றல் உண்டு", "ஆன்ட்டி ஆக்சிடென்ட் 92 சதவீதம்" என்பது போன்ற வரிகளின் கீழ் பேனாவால் கோடு போட்டிருப்பார்கள். "பாருங்க அண்ணாச்சி, லேப்பிலேயே நிரூபிச்சாச்சு. இந்தத் தாளைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் ஒட்டி வையுங்க, சரக்கு தானா ஓடும்" என்பார்கள்.

அந்தத் தாள் பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. சோதனை நடந்திருக்கும். எண்ணும் சரியாகவே இருக்கும். ஆனால் அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பது தெரியாமல் நாம் வாடிக்கையாளரிடம் வாக்குக் கொடுத்துவிட்டால், பின்னால் கேள்வி பிரதிநிதிக்கு வராது, கடைக்காரருக்குத்தான் வரும்.

நான் பள்ளிப் படிப்போடு வியாபாரத்திற்கு வந்தவன். நாட்டு மருந்துச் சரக்கு மொத்த வியாபாரத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. எங்கள் சரக்கைச் சோதனைக்குக் கொடுத்து வாங்கிய அறிக்கைகளைப் படித்தும், ஆய்வகத்தில் வேலை செய்பவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன்.

முதலில் சாரம்

ஆய்வகத்தில் நாம் விற்கும் பொடியை அப்படியே சோதிப்பதில்லை. அதிலிருந்து சாரம் எடுத்துத்தான் சோதிக்கிறார்கள். இலையோ வேரோ பட்டையோ, நிழலில் உலர்த்தி அரைத்து, ஒரு திரவத்தில் ஊற வைக்கிறார்கள். அல்லது சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் வைத்து, கொதித்து ஆவியாகும் திரவம் திரும்பத் திரும்பப் பொடியின் மேல் விழும்படி செய்கிறார்கள். பிறகு வடிகட்டி, திரவத்தை ஆவியாக்கினால் கரும்பச்சையாகவோ பழுப்பாகவோ பிசின் போல ஒன்று மிஞ்சும். அதுதான் சாரம். மூலிகையையும் திரவத்தையும் பொறுத்து அளவு மாறும். 100 கிராம் பொடிக்கு 10 கிராம் சாரம் கிடைத்தது என்று கணக்குக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதில் வியாபாரி கவனிக்க வேண்டியது, எந்தத் திரவத்தில் சாரம் எடுத்தார்கள் என்பது. தண்ணீர், எத்தனால், மெத்தனால், ஹெக்சேன் என்று பல உண்டு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான பொருளை இழுத்துக்கொண்டு வரும். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் அநேகமாகக் கரையாது. எத்தனாலில் நன்றாகக் கரையும். மெத்தனால் உடலுக்கு விஷம். சோதனைக்கு முன் அதை நீக்கிவிடுவார்கள், அதனால் சோதனையில் தவறில்லை. ஆனால் நம் வாடிக்கையாளர் வீட்டில் வைப்பது தண்ணீர்க் கஷாயம். மெத்தனால் சாரத்துக்கு வந்த முடிவைத் தண்ணீர்க் கஷாயத்துக்குச் சொல்ல முடியாது.

சாரம் எடுக்கும் முறை எவ்வளவு முக்கியம் என்பதற்குச் சீன நாட்டு உதாரணம் ஒன்று உண்டு. தூ யூயூ என்ற அம்மையார் மலேரியாவுக்கு மருந்து தேடி, பழைய சீன மருத்துவ நூல்களில் சொன்ன மூலிகைகளைச் சோதித்தார். அவற்றில் ஒரு செடியின் சாரம் ஒரு நேரம் வேலை செய்யும், ஒரு நேரம் செய்யாது. அந்தச் செடியைக் கொதிக்க வைக்காமல் தண்ணீரில் ஊற வைத்துப் பிழியும்படி ஒரு பழைய நூலில் இருந்ததைப் பார்த்த பிறகு, சூட்டில்தான் மருந்துப் பொருள் கெடுகிறது என்று ஊகித்தார். 1971-ஆம் ஆண்டில் குறைந்த சூட்டில் ஈதரைக் கொண்டு சாரம் எடுத்தபோது பலன் உறுதியாகக் கிடைத்தது. அதிலிருந்து வந்ததுதான் ஆர்ட்டிமிசினின் என்ற மலேரியா மருந்து. 2015-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. செடி ஒன்றுதான், சாரம் எடுத்த முறையால் பலன் மாறியது.

பாக்டீரியா சோதனை நடக்கும் விதம்

நோன்புக் காலத்தில் நம் கடைகளில் கடல்பாசி விற்கிறோம் அல்லவா? ஆய்வகத்தில் அகர் என்று சொல்வது அதே பொருளைத்தான். அதில் கிருமிக்கு வேண்டிய உணவைச் சேர்த்துக் காய்ச்சி, தட்டையான மூடி போட்ட கண்ணாடித் தட்டில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். அதன் மேல் ஒரு பாக்டீரியாவைப் பரவலாகப் பூசுகிறார்கள். புண்ணில் சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ், குடலில் வாழும் ஈ.கோலை ஆகிய இரண்டும் அறிக்கைகளில் அடிக்கடி காணப்படுபவை.

அதன் பிறகு 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காகித வில்லையைச் சாரத்தில் நனைத்து உலர்த்தி, தட்டின் மேல் வைக்கிறார்கள். சிலர் அகரிலேயே சிறு குழி வெட்டி அதில் சாரத்தை ஊற்றுவார்கள். தட்டை உடல் சூட்டுக்குச் சமமான வெப்பத்தில் ஓர் இரவு வைத்து எடுத்தால், பாக்டீரியா வளர்ந்த இடம் மங்கலான படலமாகத் தெரியும். சாரம் வேலை செய்திருந்தால் வில்லையைச் சுற்றி ஒரு தெளிவான வட்டம் இருக்கும். அந்த வட்டத்தின் குறுக்களவை மில்லிமீட்டரில் அளந்து எழுதுகிறார்கள். ஆஸ்பத்திரிகளில் எந்த ஆன்ட்டிபயாடிக் மருந்து நோயாளிக்குக் கேட்கும் என்று பார்க்கவும் இதே வில்லை முறைதான். அதை 1966-இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பாவர், கிர்பி முதலியவர்கள் ஒழுங்குபடுத்தினார்கள்.

வட்டத்தைப் படிக்கும் முறை

முதலாவது, வட்டத்தின் அளவில் வில்லையின் அகலமும் சேர்ந்திருக்கும். 6 மில்லிமீட்டர் வில்லைக்கு "6 மில்லிமீட்டர்" என்று எழுதியிருந்தால் பலன் ஒன்றுமில்லை என்று பொருள். 8 என்றால் வில்லையைச் சுற்றி இரு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர், அவ்வளவுதான். குழி முறையில் குழியின் அகலத்தைக் கழித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது, ஒப்பீடு வேண்டும். திரவத்தை மட்டும் நனைத்த ஒரு வில்லையும், தெரிந்த ஆன்ட்டிபயாடிக் மருந்து வைத்த ஒரு வில்லையும் அதே தட்டில் இருக்க வேண்டும். முதல் வில்லை இல்லையென்றால், கிருமியைத் தடுத்தது மூலிகையா, மிச்சமிருந்த ஆல்கஹாலா என்று சொல்ல முடியாது. எடை போடுமுன் வெறும் தட்டை வைத்துத் தராசு முள்ளைப் பார்ப்பது போலத்தான் இது.

மூன்றாவது, எவ்வளவு சாரத்துக்கு அந்த வட்டம் என்று பார்க்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் என்ற மருந்தில் 5 மைக்ரோகிராம் வைத்த வில்லை, சோதனைக்கென்று வைத்திருக்கும் ஈ.கோலைக்கு 30 மில்லிமீட்டர் அளவுக்கு வட்டம் காட்டும். மைக்ரோகிராம் என்பது ஒரு மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. மூலிகை அறிக்கைகளில் மில்லிகிராம் கணக்கில் சாரம் வைத்து 12, 14 மில்லிமீட்டர் வட்டம் வாங்கியிருப்பார்கள். ஆயிரம் மடங்கு சரக்கு போட்டுப் பாதி வட்டம் என்றால் வலிமையை ஊகித்துக்கொள்ளலாம். சாரம் பல பொருள்களின் கலவை. மருந்து ஒரே பொருள். ஆகவே இந்த வித்தியாசம் மூலிகைக்கு இழிவு அல்ல. ஆனால் "இங்கிலீஷ் மருந்துக்குச் சமம்" என்று சொல்ல அந்தத் தாளில் இடமில்லை.

நான்காவது, இரண்டு மூலிகைகளின் வட்டங்களை வைத்து எது வலியது என்று முடிவு கட்டக் கூடாது. அகரில் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீரில் கரையும் பொருள் அதில் நன்றாகப் பரவிப் பெரிய வட்டம் காட்டும். எண்ணெய்ப் பசையுள்ளது பரவாமல் நின்று சிறிய வட்டம் காட்டும். அதனால்தான் நல்ல ஆய்வகங்கள் வட்டத்தோடு நிற்காமல், சாரத்தைப் பாதி பாதியாக நீர்க்கச் செய்து, கிருமி வளர்வதை நிறுத்தும் கடைசி அளவு எது என்று பார்க்கின்றன. அறிக்கையில் அதை எம்.ஐ.சி. என்று எழுதுவார்கள். அந்த எண் சிறியதாக இருந்தால்தான் வலிமை அதிகம்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பாக்டீரியா வேறு, வைரஸ் வேறு. 2020-இல் கபசுரக் குடிநீர்ச் சூரணத்துக்கு இருந்த கிராக்கியை யாரும் மறந்திருக்க முடியாது. கொரோனாவும் டெங்குவும் வைரஸ் நோய்கள். பாக்டீரியா தட்டில் வந்த வட்டத்தைக் காட்டி இந்தக் காய்ச்சல்களுக்குக் கேட்கும் என்று சொல்வது, நெல்லுக்குப் பார்த்த ஈரப்பதத்தை வைத்துப் பருப்புக்கு விலை பேசுவது போன்றது.

தட்டு வேறு, உடம்பு வேறு

தட்டில் பாக்டீரியாவைத் தடுக்கும் பொருள்கள் நம் கடையிலேயே நிறைய உண்டு. வினிகர் தடுக்கும், எலுமிச்சைச் சாறு தடுக்கும், அளவு கூடிய உப்பும் தடுக்கும். கீழ்த்தட்டில் இருக்கும் பினாயில் எல்லாவற்றையும்விடப் பெரிய வட்டம் காட்டும். ஆகவே தட்டில் கிருமி வளரவில்லை என்பதால் மட்டும் ஒன்று மருந்தாகிவிடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சாரம் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் கிருமியை நிறுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் இரத்தம் இருக்கிறது. அந்த அளவு இரத்தத்தில் நிற்க வேண்டுமானால் 5 கிராம் சாரம், அதாவது சுமார் 50 கிராம் பொடி, ஒன்றும் வீணாகாமல் ஒரே நேரத்தில் இரத்தத்தில் கலக்க வேண்டும். உண்மையில் நாம் விழுங்குவதில் ஒரு பகுதி குடலிலேயே நின்றுவிடும். உள்ளே போனதில் ஒரு பகுதியைக் கல்லீரல் மாற்றிவிடும்.

மஞ்சள் இதற்கு நல்ல உதாரணம். நல்ல மஞ்சளில் குர்குமின் சுமார் 3 சதவீதம் இருக்கும். 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்தவர்கள், 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் அது அநேகமாகத் தென்படவே இல்லை. 2 கிராம் குர்குமினுக்கு 65 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் வேண்டும் என்பதை நினைவில் கொள்ளவும். மிளகில் உள்ள பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது இரத்தத்தில் சேர்ந்த அளவு 20 மடங்கு உயர்ந்தது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப் போடும் நம் வீட்டு வழக்கத்துக்கு இது பொருந்தி வருகிறது என்று மகிழலாம். ஆனால் அதே பைப்பரின், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாயின் போன்ற சில மருந்துகளின் அளவையும் இரத்தத்தில் கூட்டும். ரசத்தில் போடும் மிளகுக்குப் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய காப்ஸ்யூல் கேட்டு வருபவர் ஏற்கெனவே மருந்து சாப்பிடுகிறவரானால், டாக்டரைக் கேட்டுக்கொள்ளச் சொல்வது நம் கடமை.

வட்டத்திலிருந்து மருந்து வரை எவ்வளவு தூரம் என்பதைப் பென்சிலின் கதை காட்டும். லண்டனில் அலெக்சாண்டர் ஃப்ளெமிங், பூஞ்சைக்கு அருகில் பாக்டீரியா அழிந்து தெளிந்திருந்த தட்டைப் பார்த்தது 1928-இல். ஆக்ஸ்ஃபோர்டில் அதைச் சுத்தப்படுத்தி ஒரு நோயாளிக்கு ஊசியாகப் போட்டது 1941-இல். அவ்வளவு வலிய பொருளுக்கே 12 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. நம்மிடம் காட்டப்படும் தாள், அந்தப் பயணத்தின் முதல் நாள் வேலை.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், என்னிடம் சரக்கு எடுக்கும் ஒரு சில்லறைக் கடையில் நடந்தது காரணம். தையல் தொழில் செய்யும் ஒருவர், சர்க்கரை நோயாளி, காலில் சிறு புண். "புண் கிருமிகளை ஒழிப்பது ஆய்வில் நிரூபணம்" என்று அச்சிட்ட பொடியைக் கடைக்காரர் எடுத்துக் கொடுத்து, அந்தத் தாளையும் காட்டியிருக்கிறார். மூன்று வாரம் பொடியைத் தூவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிட்டார். பிறகு போனபோது இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. அவர் மனைவி கடைக்கு வந்து சண்டை போடவில்லை. "நீங்க காகிதத்தைக் காட்டினீங்களே அண்ணாச்சி, அதை நம்பித்தானே இருந்தோம்" என்று மட்டும் சொன்னாராம். கடைக்காரர் ஏமாற்ற நினைத்தவர் அல்ல. தாளில் இருந்ததைத்தான் சொன்னார். சர்க்கரை நோயாளியின் காலில் இரத்த ஓட்டம் குறைவு, உணர்ச்சியும் குறைவு, புண் ஆழமாகப் போகும். தட்டில் அந்தச் சங்கடங்கள் எதுவும் இல்லை.

ஆன்ட்டி ஆக்சிடென்ட் என்றால் என்ன

இதை நமக்குப் புரிய வைக்க எண்ணெய் டின் போதும். கடலை எண்ணெயைத் திறந்து வைத்தால் நாளடைவில் சிக்கு வாடை வருகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் எண்ணெயோடு சேர்ந்து அதைக் கெடுக்கிறது. நல்லெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் சிக்கு வாடை அடிப்பதில்லை. எள்ளில் இயற்கையாக உள்ள செசமால் போன்ற பொருள்கள் அந்தக் கெடுதலைத் தடுத்து நிறுத்துகின்றன. இப்படித் தடுக்கும் பொருளுக்குத்தான் ஆன்ட்டி ஆக்சிடென்ட் என்று பெயர். நெய் உருக்கும்போது முருங்கைக்கீரையோ கறிவேப்பிலையோ போடும் வழக்கம் மணத்துக்காக மட்டும் அல்ல. அந்த இலைகளிலும் இவ்வகைப் பொருள்கள் உண்டு.

ஆய்வகத்தில் இதை நிறத்தை வைத்துப் பார்க்கிறார்கள். டி.பி.பி.எச். என்ற ரசாயனப் பொருளைக் கரைத்தால் கருநீல ஊதா நிறம் வரும். அதில் மூலிகைச் சாரத்தைச் சேர்த்தால், ஆன்ட்டி ஆக்சிடென்ட் இருக்கும் அளவுக்கு ஊதா வெளுத்து மஞ்சளாகும். எவ்வளவு வெளுத்தது என்பதைக் கருவியில் பார்த்துச் சதவீதமாக எழுதுகிறார்கள். ஒப்பீட்டுக்கு வைட்டமின் சி வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது "92 சதவீதம்" என்ற வரிக்கு வருவோம். அது பொடியில் 92 சதவீதம் சத்து இருக்கிறது என்பதல்ல. நிறம் 92 சதவீதம் வெளுத்தது என்பதுதான். சாரத்தைக் கூட்டிப் போட்டால் எந்தச் சுமாரான மூலிகையும் 90-ஐத் தாண்டும். நாம் விற்கும் சாதாரணத் தேயிலைத் தூளின் டிகாஷனே அந்த ஊதாவை நன்றாக வெளுக்க வைக்கும். ஆகவே சதவீதத்தைப் பார்க்காமல், நிறத்தைப் பாதியாகக் குறைக்க எவ்வளவு சாரம் தேவைப்பட்டது என்று பார்க்க வேண்டும். அறிக்கையில் ஐ.சி.50 என்று இருக்கும். இதுவும் சிறியதாக இருந்தால்தான் உயர்வு. ஒரு பிரதிநிதி "எங்கள் சரக்கின் ஐ.சி.50 மற்றவர்களைவிட இரண்டு மடங்கு" என்று பெருமை பேசினால், தன் சரக்கு பாதி வலிமை என்று தானே சொல்கிறார்.

குடுவையில் நிறம் மாறுவதும் உடம்பில் நோய் மாறுவதும் ஒன்றல்ல என்பதை உலகம் விலை கொடுத்துத்தான் கற்றது. கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டினைப் புகை பிடிப்பவர்களுக்கு மாத்திரையாகக் கொடுத்தால் நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்து, பின்லாந்தில் 29,133 ஆண்களைக் கொண்டு பெரிய ஆய்வு நடத்தினார்கள். 1994-இல் முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு அந்தப் புற்றுநோய் குறையவில்லை. 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்க விவசாயத் துறை உணவுப் பொருள்களின் ஆன்ட்டி ஆக்சிடென்ட் அளவுப் பட்டியல் ஒன்றை வெளியிட்டிருந்தது. அந்த எண்களைக் கம்பெனிகள் விளம்பரத்துக்குத் தவறாகப் பயன்படுத்துகின்றன, உடம்பில் அதே பலன் என்பதற்கு ஆதாரமில்லை என்று சொல்லி 2012-இல் பட்டியலையே எடுத்துவிட்டது.

கேரட் சாப்பிடக் கூடாது என்றோ கீரையில் பலன் இல்லை என்றோ இதற்குப் பொருள் அல்ல. உணவாகச் சாப்பிடுவது வேறு, ஒரு பொருளைப் பிரித்து மாத்திரையாக்கி நோய்க்கு மருந்தென்று விற்பது வேறு.

அறிக்கை சொல்லாத மூன்று விஷயங்கள்

ஒன்று, சரக்கு அசல்தானா என்பது. லவங்கப்பட்டையை எடுத்துக்கொள்வோம். இலங்கைப் பட்டை மெல்லிய ஏடுகளாகச் சுருண்டிருக்கும். காசியா பட்டை தடித்து ஒரே ஏடாக இருக்கும். இரண்டிலும் சின்னமால்டிஹைடு இருப்பதால் தட்டில் இரண்டுமே வட்டம் காட்டும். ஆனால் காசியாவில் கூமரின் என்ற பொருள் மிக அதிகம். அதைத் தினமும் அளவு மீறி உட்கொண்டால் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கும். சீந்தில் கொடியிலும் இதே சங்கதி. அதைப்போலவே தோன்றும் இன்னொரு கொடியைச் சீந்தில் என்று எண்ணிச் சாப்பிட்டால் கெடுதல் வரலாம், கவனமாக அடையாளம் காண வேண்டும் என்று மத்திய ஆயுஷ் அமைச்சகம் 2022-இல் அறிவுறுத்தியது.

இரண்டு, கலப்படம். வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் ஏற்ற ஈயக் குரோமேட் என்ற சாயத்தைப் பூசி வந்தார்கள். 2019-இல் அங்கே சந்தையில் எடுத்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. ஆய்வாளர்கள் எடுத்துச் சொல்லி, அரசும் வியாபாரிகளை எச்சரித்து நடவடிக்கை எடுத்த பிறகு 2021-இல் அது பூஜ்யமாயிற்று. பாக்டீரியா சோதனையோ நிறச் சோதனையோ ஈயத்தைக் காட்டாது. அதற்கென்று தனிச் சோதனை கேட்க வேண்டும்.

மூன்று, சரக்கிலேயே இருக்கும் கிருமி. கிருமியை எதிர்க்கும் சரக்கில் கிருமி இருக்காது என்று எண்ணிவிட வேண்டாம். அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2007 முதல் 2009 வரை இறக்குமதியான மசாலாச் சரக்குகளைப் பார்த்ததில், சுமார் 7 சதவீதச் சரக்குகளில் சால்மொனெல்லா என்ற பேதிக் கிருமி இருந்தது. தரையில் உலர்த்துவது, எலி, பறவை எச்சம், ஈரச் சாக்கு ஆகியவைதான் இதற்கு வழி. மிளகின் சாரம் தட்டில் வட்டம் காட்டலாம். நம் குடோனில் அந்த மிளகு மூட்டை ஈரத்தில் கிடந்தால் பூஞ்சைதான் பிடிக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது

நீரிழிவு, புற்றுநோய், இரத்த அழுத்தம், இருதய நோய் உள்ளிட்ட பல நோய்களைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்கிறது. விளம்பரம் என்றால் பத்திரிகை, டி.வி. மட்டுமல்ல. நோட்டீஸ், லேபிள், மேலுறை எல்லாம் அதில் அடங்கும். ஆகவே கடையில் நாமே அட்டையில் எழுதித் தொங்கவிடுவதையும் சாதாரணமாக நினைக்கக் கூடாது.

உணவு என்ற பெயரில் விற்கும் பொருளுக்கு 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்தை வெளியிடுபவருக்கும் அதில் பங்கு கொள்பவருக்கும் 53-ஆம் பிரிவின்படி 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். அதே சட்டத்தில் நமக்குப் பாதுகாப்பும் உண்டு. சரக்கு தருபவர் தரத்துக்கு எழுத்து மூலம் உத்தரவாதம் தர வேண்டும். அவர் கொடுக்கும் பில்லே அந்த உத்தரவாதமாகக் கருதப்படும் என்று 26-ஆம் பிரிவு சொல்கிறது. பில் இல்லாமல் வாங்கிய பொடிக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

சரக்கு எடுக்குமுன் கேட்க வேண்டியவை

1. பாக்கெட்டில் உணவு உரிம எண் 14 இலக்கத்தில் இருக்கிறதா, அல்லது சித்த, ஆயுர்வேத மருந்து தயாரிப்பு உரிம எண் இருக்கிறதா? இரண்டும் இல்லாத பாக்கெட் வேண்டாம்.

2. அறிக்கை இந்தக் கம்பெனியின் சரக்குக்கு வாங்கியதா, அல்லது அதே மூலிகையைப் பற்றி எங்கோ யாரோ செய்த ஆய்வின் நகலா? பேட்ச் எண்ணும் தேதியும் பாக்கெட்டோடு ஒத்துப்போகின்றனவா? கொடுக்கப்பட்ட மாதிரிக்கு மட்டுமே முடிவு பொருந்தும் என்று ஆய்வகங்கள் அறிக்கையிலேயே குறிப்பிடுவது வழக்கம்.

3. ஆய்வகத்துக்கு என்.ஏ.பி.எல். அங்கீகாரம் உண்டா? உண்டென்றால் இந்தக் குறிப்பிட்ட சோதனைக்கு உண்டா?

4. சாரம் எடுத்தது தண்ணீரிலா, மெத்தனாலிலா? ஒப்பீட்டு வில்லைகளின் அளவு கொடுக்கப்பட்டிருக்கிறதா?

5. ஈயம் முதலிய உலோகங்கள், பூச்சிமருந்து மிச்சம், கிருமி எண்ணிக்கை ஆகியவற்றுக்குத் தனி அறிக்கை உண்டா? வாடிக்கையாளரின் உடம்புக்கு இதுதான் முதலில் வேண்டியது. பிரதிநிதிகள் பெரும்பாலும் கொண்டு வராததும் இதுவே.

6. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு உண்டா? இல்லையென்றால் நோய் தீரும் என்ற வார்த்தையை நம் வாயால் சொல்ல வேண்டாம்.

ஆய்வகச் சோதனையே வீண் என்று நான் சொல்லவில்லை. பல்லாயிரம் மூலிகைகளில் எதை மேலே ஆராயலாம் என்று தேர்ந்தெடுக்க இந்த மலிவான, விரைவான சோதனைகள் பெரிதும் உதவுகின்றன. ஓமத்தில் தைமால், கிராம்பில் யூஜினால் என்று நம் முன்னோர் பழகிய சரக்குகளில் உள்ள பொருள்களை அடையாளம் கண்டதும் ரசாயன ஆய்வுதான். நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியது சரக்கைச் சரியாக வைத்திருப்பது. கிராம்பைத் தண்ணீரில் போட்டால் நல்லது அடியில் தங்கும், எண்ணெய் எடுத்த சக்கை மிதக்கும். யூஜினால் போன சக்கைக்கு எந்த ஆய்வக அறிக்கையும் பொருந்தாது. ஈரமில்லாத இடம், மூடிய டப்பா, பழைய சரக்கை முதலில் விற்பது, வாங்கிய பில்லைப் பத்திரப்படுத்துவது ஆகியவை நம் கையில் இருக்கின்றன.

வாடிக்கையாளர் "இது கிருமியைக் கொல்லுமா அண்ணாச்சி?" என்று கேட்டால், "சோதனைத் தட்டில் தடுத்ததாக அறிக்கை இருக்கிறது, உங்கள் நோய்க்கு டாக்டரையோ வைத்தியரையோ கேளுங்கள்" என்று சொன்னால் போதும். விற்பனை ஒன்றும் குறைந்துவிடாது. இனி இப்படிப்பட்ட தாள் யார் கடைக்கு வந்தாலும், ஒரு நகல் எடுத்துச் சங்கத்தின் மாதக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நான்கு பேர் சேர்ந்து படித்துப் பார்த்து, சரக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.